ஸ்ட்ராட்டா, 335-ஆ: இதமான ப்ளூஸ் ஒலிக்கு எது?

கதறாமல், கரகரக்காமல், காதுக்குள் இதமாக இறங்கும் ப்ளூஸ் ஒலியைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு கிட்டார்களில் ஒன்றிடம்தான் போய் நிற்கிறார்கள்: 1954இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்), 1958இல் வந்த கிப்சன் இஎஸ்-335. முதலாவது என்னிடம் இருக்கிறது. இரண்டாவதை ஒரு நண்பரிடம் இரண்டு வாரத்துக்கு இரவல் வாங்கினேன். கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் இரண்டுக்கும் ஒன்றுதான்: ஃபெண்டரின் 22 வாட் டீலக்ஸ் ரிவர்ப், 12 அங்குல ஸ்பீக்கர். தந்தியின் அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் பிக்கப்களில், இரண்டிலும் கழுத்தை ஒட்டியது மட்டும். ஒலியை மாற்றும் பெடல் எதையும் தொடவில்லை.

முதல் நாள் 335 சுலபமாக வென்றது. அதன் ஹம்பக்கர் வகைப் பிக்கப்பில் இரண்டு சுருள்கள் எதிரெதிராக இணைந்திருப்பதால் மின் இரைச்சல் அடிபட்டுப் போகிறது. கூடவே ஒலியின் கூர்மையும் சற்று மழுங்குகிறது. இந்த ஆம்ப்பில் மிடில் குமிழ் கிடையாது. நடு அலைவரிசையை அதன் சுற்றே பள்ளமாக வெட்டி வைத்திருக்கிறது. 335 நடுவில் சதைப்பற்றுள்ள கிட்டார் என்பதால் அந்தப் பள்ளம் தானாகவே நிரம்பிவிடுகிறது. ஸ்ட்ராட்டில் நிரம்புவதில்லை. ட்ரெபிளை 6இல் வைத்து வாசித்தபோது எவர்சில்வர் தட்டில் கரண்டி விழுந்ததுபோல் இருந்தது.

335க்கும் தொல்லை உண்டு. பேஸை 3க்கு மேல் ஏற்றினால் தடித்த தந்திகளின் ஒலி கூழாகிவிடுகிறது. ஹம்பக்கர் அனுப்பும் சமிக்ஞை வலுவானது. ஸ்ட்ராட் தெளிவாக நிற்கிற வால்யூமிலேயே இதன் ஒலி உடையத் தொடங்குகிறது. தந்தியை வளைத்து இழுக்க மட்டும் இதுதான் விரலுக்குச் சுகம்: தந்தி நீளம் இதில் 24.75 அங்குலம், ஸ்ட்ராட்டில் 25.5.

ஸ்ட்ராட்டைப் பணியவைக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. ஆம்ப்பில் ட்ரெபிள் 4, பேஸ் 4, ரிவர்ப் 2. கிட்டாரில் வால்யூம் 7, டோன் 6. வால்யூமைக் குறைக்கும்போது உச்ச அலைவரிசைகளும் கொஞ்சம் கழிந்துபோகின்றன. பலர் இதைக் குறையாகச் சொல்வார்கள்; இந்த வேலைக்கு அது வரம். பெரிய மாற்றம் வந்தது ஸ்க்ரூடிரைவரால். பிக்கப்பில் தடித்த தந்திப் பக்கத்துத் திருகை ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினேன். காந்தம் தந்தியை இழுப்பது குறைந்தது. கழுத்தின் குறுக்கே ஓடும் பட்டைகளில் 12ஆவது ஃப்ரெட்டுக்கு மேல் சுரம் தள்ளாடியதும் நின்றது. பிறகு தந்தியை மீட்டும் வில்லையான பிக்கைக் கீழே வைத்துவிட்டுக் கட்டைவிரல் சதையால் மீட்டினேன். கரண்டிச் சத்தம் போயே போய்விட்டது.

இந்த டீலக்ஸ் ரிவர்ப்போல வெற்றிடக் குழாயில் இயங்கும் வால்வு ஆம்ப் இல்லாமல் இந்த ஒலி வராது என்று சத்தியம் செய்கிறவர்கள் உண்டு. 335இன் உடன்பிறப்பான 355 வகையை வைத்திருந்த ப்ளூஸ் மேதை பி.பி. கிங், லேப் சீரீஸ் எல்5 என்ற டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் வாசித்தவர். ஸ்ட்ராட்டில் இதம் வராது என்பவர்கள் அதில் வாசிக்கும் ப்ளூஸ் கலைஞர் ராபர்ட் க்ரேயைக் கேட்கட்டும்.

ராத்திரி தனியாக உட்கார்ந்து வாசிக்க 335தான். ஆனால் பேஸ் கிட்டாரும் கீபோர்டும் கூடச் சேர்ந்ததும் அதன் சதைப்பற்று அவற்றுக்குள் கரைந்துவிடுகிறது. ஸ்ட்ராட்டின் வரிகள் தனித்துக் கேட்கின்றன. குழுவில் வாசிக்கிற எனக்கு அது போதும். இரவல் கிட்டாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஸ்ட்ராட்டின் ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு மட்டும் மின்விசிறி ரெகுலேட்டரோடு தீராப் பகை. குமிழைத் திருகத் திருக அது வேறு வேறு சுருதியில் முரல்கிறது. விசிறியை நிறுத்திவிட்டு வியர்த்துக்கொண்டே வாசிக்கிறேன்.