பூநகரிக் கோட்டைக்கு ஓர் அரைநாள் வான் பயணம்

ஒல்லாந்தர் காலச் சின்னங்களைக் காட்டுவதற்கென்று, வழிகாட்டியோடு வான் ஒழுங்கு செய்து தரும் சிறிய சேவை ஒன்று கிளிநொச்சியில் இயங்குகிறது. கொழும்பிலிருந்து வந்திருந்த உறவினர்களுடன் சென்ற மாதம் அதில் போய் வந்தேன். வான் சொன்ன நேரத்துக்கு வந்தது, சாரதி நிதானமாக ஓட்டினார், வழிகாட்டியான இளைஞரிடம் பணிவும் இருந்தது. குறையெல்லாம் அவர் சொன்ன கதையில்தான்.

பரந்தன் வழியாக முதலில் பூநகரிக்குச் சென்றோம். பக்கமொன்று ஏறக்குறைய 30 மீற்றர் நீளமுள்ள சதுரக் கோட்டை அது. எதிரெதிர் மூலைகள் இரண்டில் மட்டுமே கொத்தளங்கள் உள்ளன. யாழ்ப்பாணக் கோட்டையைப் பார்த்த கண்ணுக்கு இது பெரிய வளவொன்றின் மதிலாகத்தான் தெரியும். போர்த்துக்கேயர் கட்டியதை ஒல்லாந்தர் 18ஆம் நூற்றாண்டில் விரிவாக்கினார்கள் என்பதை இளைஞர் சரியாகவே சொன்னார். ஆனால் இவ்வளவு சிறிய கோட்டை எதற்காக என்று என் மருமகள் கேட்டபோது, "பாதுகாப்புக்குத்தான்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

வன்னியின் கதையே அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி, வன்னிக் காட்டை நெடுங்காலம் நேரடியாக ஆளவில்லை. வன்னியர்கள் எனப்பட்ட குறுநிலத் தலைவர்கள் தம் பற்றுகளை, அதாவது ஆட்சிப் பிரிவுகளை, தாமே ஆண்டுகொண்டு, கம்பனிக்கு யானைகளைத் திறையாகக் கொடுக்கக் கடமைப்பட்டிருந்தார்கள். அந்தத் திறையையும் அடிக்கடி நிலுவையில் வைத்தார்கள். பிடிபட்ட யானைகள் யாழ்ப்பாணக் களப்பின் ஆழங்குறைந்த இடத்தைக் கடந்து குடாநாட்டுக்குச் சாய்த்துச் செல்லப்பட்டு, இந்திய வியாபாரிகளுக்கு விற்கப்பட்டன. பூநகரி போன்ற களப்போரக் கோட்டைகள் அந்தப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் படலைகள் என்றுதான் நான் கொள்கிறேன். வன்னியைத் தன் நேரடி ஆட்சிக்குள் கொண்டுவரக் கம்பனி படையெடுத்தது 1780களில்தான். 1795இல் ஆங்கிலேயர் வந்துவிட்டார்கள்.

ஆனையிறவிலும் வான் நின்றது. உப்பளத்தையும் போர்க்கால நினைவுச் சின்னத்தையும் காட்டிய வழிகாட்டி, பெயரிலேயே ஆனையைச் சுமக்கும் அந்த இடத்தில் ஆனையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் சாரதி, "பற்றுச்சீட்டுப் புத்தகம் லாச்சிக்குள்ள இருக்கு, தம்பி, கந்தோரில குடுத்துவிடு" என்றார். லாச்சி, கந்தோர் இரண்டும் ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொற்கள். மதியம் நாங்கள் உண்ட போஞ்சிக் கறியின் பெயரும் அப்படியே. 1707இல் கிளாஸ் ஈசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி தொகுத்த தேசவழமை என்ற யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டம், வடக்கில் காணி உறுதி எழுதும் நொத்தாரிசின் மேசையில் இன்றும் செல்லுபடியாகிறது. (நொத்தாரிசும் ஒல்லாந்தச் சொல்தான்.) இடிந்த மதிலுக்கு ஒரு மணி நேரம் கொடுத்தவர்கள் இவற்றுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தால், பயணம் இரட்டிப்புப் பெறுமதி பெற்றிருக்கும்.

வாகனத்துக்கும் உபசரிப்புக்கும் குறை சொல்ல மாட்டேன், கட்டணமும் நியாயமானது. போகிறவர்கள் காலைப் பயணத்தையே கேட்டு வாங்குங்கள். கோட்டைக்குள் நிழல் குறைவு, குடிதண்ணீரும் கொண்டுசெல்ல வேண்டும். யானைத் திறையைப் பற்றி வழிகாட்டியிடம் நீங்களாகவே கேளுங்கள். இரண்டொருவர் கேட்டால் அடுத்த முறைக்குப் படித்து வைத்துக்கொள்ளக்கூடிய பிள்ளைதான் அவர்.