எடையைக் குறைப்பதா, சிபாப் மிஷின் வாங்குவதா?

மன்னார்குடி, தஞ்சாவூர் பக்கம் குறட்டை விடுகிறவரைப் பார்த்து எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "உடம்பைக் குறைங்க, தானா சரியாயிடும்." அப்புறம் டாக்டர் ஸ்லீப் ஸ்டடி (தூங்கும்போது மூச்சைக் கவனிக்கும் பரிசோதனை) எடுத்து, இது ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய் என்று சொல்லி, மாஸ்க் வழியாகக் காற்று தரும் சிபாப் மிஷின் எழுதிக் கொடுத்தால், பல ஆயிரம் கொடுத்து அதை வாங்கணுமா, நடந்தே எடையைக் குறைத்துவிட்டால் போதாதா என்று வீட்டில் பேச்சு ஓடும். என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். தூக்கத்தில் மணிக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு தடைபடுகிறது என்று ரிப்போர்ட் வந்திருந்தால் மிஷினைத் தள்ளிப்போடாதீர்கள், எடைக் குறைப்பு அதன் கூடவே நடக்கட்டும்.

எடைக்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பது உண்மைதான். கழுத்தைச் சுற்றியும் நாக்குக்கு உள்ளேயும் கொழுப்பு சேர்ந்து மூச்சு வழியைக் குறுக்குகிறது, தூங்கும்போது தசையும் தளர்ந்துவிடுகிறது. வாய்க்காலில் இன்ஜின் போடும்போது உறிஞ்சுகிற பக்கம் தொளதொள ஹோஸை மாட்டினால் சப்பையாக ஒட்டிக்கொண்டு தண்ணீர் ஏறாதே, தொண்டையிலும் அதுதான் நடக்கிறது.

சரி, எடை இறங்கினால் எவ்வளவு குறையும்? அமெரிக்காவின் விஸ்கான்சினில் பல வருஷம் ஆட்களைத் தொடர்ந்து கவனித்து 2000இல் வெளியான ஆய்வு, எடை 10 சதவீதம் குறைந்தால் மூச்சுத் தடை சுமார் 26 சதவீதம் குறையும், 10 சதவீதம் கூடினால் சுமார் 32 சதவீதம் ஏறும் என்றது. இதை நம் ஆள் ஒருவருக்குப் போட்டுப் பாருங்கள். 90 கிலோ இருக்கிறவர், மணிக்கு 40 தடவை. அறுப்பு வேலை, தை மாசக் கல்யாணப் பந்தி, ராத்திரி பரோட்டா எல்லாவற்றையும் தாண்டி 9 கிலோ குறைக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். அதற்கே மாசக்கணக்கில் ஆகும், அதன் பிறகும் கணக்குப்படி 30 பக்கத்தில்தான் நிற்பார். அதுவரை ராத்திரியில் கொள்முதல் நிலையத்துக்கு நெல் மூட்டையோடு டிராக்டர் ஓட்டுவது யார்? அவர்தான். எனக்கு இருக்கிற பயமெல்லாம் இதுதான்.

மிஷின் அப்படியில்லை, மாட்டிய ராத்திரியே வேலை செய்யும். 1981இல் சிட்னியில் காலின் சல்லிவன் கொண்டுவந்த வழி இது, மூக்கு வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டை மூடாமல் பிடித்துவைப்பது. என் மாமா ஒருவர் கட்டிலில் உட்கார்ந்து பேசிக்கொண்டே, கையில் போன் இருக்க, பாதி வாக்கியத்தில் தூங்கிப்போவார். அவரைப் போய் நடங்கள் என்றால் எப்படி நடப்பார்? மிஷின் மாட்டிய பிறகுதான் காலையில் எழுந்து வாய்க்கால் கரையில் நடக்கவே அவருக்குத் தெம்பு வந்தது.

மிஷினிலும் தொல்லை உண்டு. மாஸ்க் மூக்குத்தண்டில் தழும்பு போடும், சரியாகப் பொருந்தவில்லை என்றால் காற்று கண்ணில் அடிக்கும். கரண்டும் வேண்டும். 2018 கஜா புயலுக்குப் பிறகு நம் கிராமங்கள் எத்தனை நாள் இருட்டில் கிடந்தன என்று தெரியும், அதனால் வாங்கும்போதே இன்வெர்ட்டரில் ஓடுமா என்று கேளுங்கள். அதைவிட முக்கியம், மிஷின் எடையைக் குறைக்காது. அதை மட்டும் மாட்டிக்கொண்டவர்களுக்கு எடை லேசாகக் கூடியதாகவே ஆய்வுகள் சொல்கின்றன.

ஊசி? எடையைக் குறைக்கும் ஊசி மருந்தான டிர்செபடைடை உடல் பருமனோடு இந்த நோயும் நடுத்தரமாகவோ தீவிரமாகவோ இருப்பவர்களுக்கு 2024 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதித்தார்கள், 2025இலிருந்து இங்கும் மௌஞ்சாரோ என்று கிடைக்கிறது. மாசாமாசம் செலவு, நிறுத்தினால் எடை திரும்ப ஏறும்.

ரிப்போர்ட்டில் மணிக்கு 5 முதல் 15 தடவை வரைதான் என்றால், பகலில் தூக்கம் சொக்கவில்லை என்றால், எடையையும் ஒருக்களித்துப் படுப்பதையும் முதலில் பார்க்கலாம், அதில் தப்பில்லை. ஒல்லியாக இருக்கிறவர்களுக்கு, தாடை சிறியது, டான்சில் பெரியது என்றெல்லாம் காரணம் இருக்கும்போது, எடையைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்காதீர்கள்.

எடை நன்றாக இறங்கியதும் ஸ்லீப் ஸ்டடியைத் திரும்ப எடுங்கள். குறட்டைச் சத்தம் குறைந்தது என்று நீங்களாகவே மிஷினைப் பரணில் போட வேண்டாம், பிரஷரைக் குறைப்பதா கழற்றிவிடுவதா என்று புது ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் சொல்லட்டும்.