பேசும் புத்தகமும் பாட்டில் மூடியும்: நான்கு வருடம் பயன்படுத்திப் பார்த்ததில்

எங்கள் வீட்டில் ஒரு ஐஸ்கிரீம் டப்பா நிறையத் தண்ணீர் பாட்டில் மூடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மார்க்கரால் ஒரு எழுத்து. சிலவற்றில் எழுத்துகூட இல்லை. வெறும் துணைக்கால், வெறும் கொம்பு, வெறும் புள்ளி. "பழைய சாமான்காரனுக்குப் போடச் சேர்த்து வச்சிருக்கீங்களா?" என்று கேட்காத விருந்தாளி இல்லை. இரண்டு பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்க நான் வாங்கியது, இரவல் பெற்றது, ஏமாந்தது எல்லாவற்றையும் வரிசைப்படுத்தினால் இந்த டப்பாதான் முதலில் நிற்கும். செலவு, மார்க்கருக்கு 20 ரூபாய்.

பெரியவள் இப்போது மூன்றாம் வகுப்பு. சின்னவன் யுகேஜி. மதுரை பழங்காநத்தத்தில் இருக்கிறோம், இருவரும் ஆங்கில வழிப் பள்ளி. 2021ல் பெரியவளை எல்கேஜி சேர்த்தபோது பள்ளி திறக்கவில்லை. போனில் வகுப்பு. கேமராவைப் பார்த்துக் கொட்டாவி விட்ட பிள்ளைக்கு நாமே ஏதாவது செய்தாக வேண்டும் என்று தோன்றிய நேரம் அது.

முதலில் வாங்கியது எல்லாரும் வாங்குவதுதான், எழுத்துச் சார்ட். புதுமண்டபத்துப் புத்தகக் கடை ஒன்றில் 40 ரூபாய். (அந்தக் கடைகளெல்லாம் பிறகு குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன.) அ அம்மா, ஆ ஆடு, ஐ ஐவர், ஃ எஃகு. ஐவர் என்ற சொல்லை என் வாழ்நாளில் அந்தச் சார்ட்டைத் தவிர வேறெங்கும் பயன்படுத்தியதில்லை. இருந்தாலும் நானும் அப்படித்தான் படித்தேன், அதனால் மாட்டினேன். ஒரே மாதத்தில் மகள் முழுதும் ஒப்பித்தாள். வீடியோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினேன்.

அடுத்த வாரம் சிலேட்டில் 'பட்டம்' என்று எழுதிக் காட்டினேன்.

"ப... இட்... ட... இம்."

"சேத்துச் சொல்லுத்தா."

"பயிட்டயிம்."

சிரித்துவிட்டேன். அவளுக்குக் கோபம். அவள் சொன்னதில் தப்பே இல்லை என்பது ராத்திரி பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. மெய்யெழுத்தை இக், இங், இச் என்றுதானே சொல்லிக்கொடுத்தோம்? அவை எழுத்தின் பெயர், ஓசை இல்லை. பெயரைப் பெயரோடு ஒட்டினால் பயிட்டயிம்தான் வரும். ஆங்கிலத்திலும் இதே கூத்துதான். பீ, ஏ, டீ என்று ஆயிரம் தடவை சொன்னாலும் அதற்குள்ளிருந்து பேட் வராது.

வழி காட்டியது மாமியார். உசிலம்பட்டிப் பக்கம் ஊர். பள்ளிக்கூடம் போகாதவர், 1990களின் தொடக்கத்தில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்க அறிவொளி இயக்கம் வந்தபோது, கோயில் திண்ணையில் ராத்திரி உட்கார்ந்து படித்தவர். பேத்தி சார்ட்டை ஒப்பிப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்னத்தா இது, எல்லாத்தையும் சொல்றா, ஒண்ணையும் வாசிக்க மாட்டேங்கிறா? எங்களுக்கு அ, ஆவன்னாவெல்லாம் மொதல்ல கெடையாது. பட்டா, படி. மொத நாளே ரெண்டு வார்த்தை வாசிச்சுட்டு வீட்டுக்கு வந்தோம்."

மறுநாளே சார்ட்டைக் கழற்றினேன். ட, ப, ம மூன்றையும் எடுத்துக்கொண்டேன். எழுதவும் சுலபம். ட இரண்டு கோடு, அதில் இன்னொரு கோடு ஏற்றினால் ப. இந்த மூன்றோடு புள்ளியும் சேர்ந்தால் படம், மடம், பட்டம், மட்டம் வந்துவிடுகின்றன. மெய்யை 'இம்' என்று சொல்வதை நிறுத்தி, உதட்டை மூடி 'ம்' மட்டும் சொல்ல வைத்தேன். நான்கே நாளில் படம் வாசித்தாள். 247 எழுத்தும் தெரிந்தபோது வாசிக்காத பிள்ளை!

எழுத்தைக் கையில் எடுத்து ஒட்ட வைக்க ஏதாவது வேண்டியிருந்ததால்தான் பாட்டில் மூடி. தமிழ் எழுத்து ஒரு வகையில் கட்டுமானப் பொம்மை மாதிரி. 12 உயிர், 18 மெய், அவற்றோடு சேரும் குறிகள். ப மூடிக்குப் பக்கத்தில் துணைக்கால் மூடியை வைத்தால் பா. அதே துணைக்காலை ம பக்கம் தள்ளினால் மா. இதைக் கண்டுபிடித்த அன்று என்னைக் கேட்காமலே டா என்று வைத்துவிட்டு, "டாட்டா" என்று கூவினாள்.

கொம்பில்தான் மாட்டிக்கொண்டோம். 'தேன்' என்று வைக்கும்போது இரட்டைக் கொம்பு முன்னால் வருகிறது, ஓசையோ பின்னால் வருகிறது. "முன்னாடி இருக்கிறத ஏன் மொதல்ல சொல்லக் கூடாது?" நியாயமான கேள்வி. "சாமி பொறப்பாட்டுல யானை முன்னாடி வருதுல்ல, அதுக்காக யானையவா மொதல்ல கும்புடுற? கொம்பு யானை, எழுத்து சாமி" என்றேன். பிடித்துக்கொண்டாள். இன்றைக்கும் சின்னவன் கொம்பை யானை என்றுதான் சொல்கிறான்.

மூடிக்கும் குறை உண்டு. கு, சு, டு, து என்று உகரம், ஊகாரம் வரும் 36 எழுத்துகளும் ஒரே மாதிரி ஒட்டிக்கொள்ளாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வளைவு. அவற்றை நீல மூடியில் முழு எழுத்தாகவே எழுதி, மெல்ல மெல்லத்தான் டப்பாவுக்குள் விட்டேன். இன்னொன்று, வியர்வைக் கைபட்டு மார்க்கர் அழியும். மேலே நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு பூச்சு பூசினால் ஆறு மாதம் தாங்குகிறது. கைக்குழந்தை இருக்கிற வீட்டில் மூடி வேண்டவே வேண்டாம், வாயில் போட்டுவிடும். பழைய தினக்காலண்டர் அட்டையைப் பெரிது பெரிதாக வெட்டிக்கொள்ளலாம்.

இதற்கு நடுவில் வாங்கி ஏமாந்த கதை இரண்டு.

பட்டனை அமுக்கினால் பேசும் புத்தகம், 850 ரூபாய். படத்தைத் தொட்டால் "க, கண்" என்று சொல்லும். ஒரே வாரத்தில் மகள் நான்கு பக்கம் 'வாசித்தாள்'. படத்தைக் கையால் மறைத்தேன், ஒரு சொல் வரவில்லை. அதில் பேசிய அம்மாவுக்கு ழகரமும் வரவில்லை, வாலைப்பலம் என்றது. எங்கள் வீட்டில் வாளைப்பளம்தான், அதனால் அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் 850 ரூபாய் வாங்கிக்கொண்டு சொல்கிறவர்கள் கொஞ்சம் நாக்கை மடித்திருக்கலாம். எட்டாவது மாதம் ஸ்பீக்கர் கரகரத்து நின்றது.

இன்னொன்று வருடச் சந்தா கட்டும் ஆப். பெயர் வேண்டாம். போனில் பேசிய தம்பி என் பிள்ளையின் எதிர்காலத்தைப் பற்றி என்னைவிட அதிகமாகக் கவலைப்பட்டார். பலூன் உடைக்கவும் நாணயம் சேர்க்கவும் மகள் நன்றாகக் கற்றுக்கொண்டாள். சரியான எழுத்தைத் தொடும்வரை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பதையும்தான். இரண்டாம் வருடச் சந்தாவை என்னைக் கேட்காமலே கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். திரும்ப வாங்க மூன்று வாரம் அலைந்தேன்.

இவற்றுக்குப் பிறகுதான் எனக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது. எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் ஒன்றைத்தான் பார்க்கிறேன்: சத்தம் யார் வாயிலிருந்து வருகிறது? பொருள் பேசிப் பிள்ளை கேட்டால் கடையிலேயே வைத்துவிடுவேன். பிள்ளை பேச, பொருள் சும்மா கிடந்தால் வாங்குவேன்.

போனே கூடாது என்று சொல்ல மாட்டேன். கூகுளின் ரீட் அலாங் ஆப் எங்களுக்கு உதவியது. 2019ல் போலோ என்ற பெயரில் வந்தது. பிறகு பெயரும் மாறியது, தமிழும் சேர்ந்தது. அதில் தியா என்றொரு பொம்மைப் பெண் இருப்பாள். திரையில் வரும் கதையைப் பிள்ளைதான் சத்தமாக வாசிக்க வேண்டும், அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். இலவசம். கதையை இறக்கிவிட்டால் நெட் இல்லாமலும் ஓடும். யுகேஜி முடியும் நேரத்தில், கூட்டி வாசிக்கத் தெரிந்த பிறகு, தினமும் பத்து நிமிடம் கொடுத்தேன். கூட்டி வாசிக்க வருமுன் கொடுத்திருந்தால் வீண். அப்புறம், குக்கர் விசில் அடிக்கும் அடுப்படிப் பக்கம் வைத்துக் கொடுத்துவிட்டு, "தியாவுக்குக் காது கேக்கல" என்று புகார் வாங்கியது என் தப்பு.

புத்தகத்துக்கு வருவோம். இதில்தான் அதிகம் தடுமாறினேன், இதில்தான் நிறைவும். பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் (2015லிருந்து இருக்கிறது) தமிழ்ப் படக்கதைகள் ஏராளம். வாசிப்பு நிலை 1லிருந்து 4 வரை பிரித்திருக்கிறார்கள். திறந்த உரிமம் என்பதால் இறக்கி அச்செடுத்துக்கொள்ளலாம். பழங்காநத்தம் ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில் எடுத்து நூலால் தைத்துக் கொடுப்பேன், வண்ணம் அடிப்பது பிள்ளைகள் வேலை. நிலை 1 என்று போட்டிருந்தாலும் நான் ஒரு தடவை வாசித்துப் பார்க்காமல் எடுப்பதில்லை. ஒரு பக்கத்தில் எத்தனை வரி, எழுத்து படத்தின்மேல் ஏறி நிற்கிறதா, 'விளையா' ஒரு வரியிலும் 'டினான்' அடுத்த வரியிலும் உடைந்து கிடக்கிறதா என்று பார்ப்பேன். கடைசியாகச் சொன்னது நமக்குப் பழகிப்போன அச்சு வழக்கம். புதிதாக வாசிக்கிற பிள்ளை அங்கே தடுக்கி விழுகிறது. மலிவுப் பதிப்புகள் பலவற்றை இந்த ஒரே காரணத்துக்காகத் திருப்பி வைத்திருக்கிறேன். ன, ண, ள மூன்றும் ஒன்றுபோலத் தெரியும் சிங்காரித்த எழுத்துருவும் அப்படித்தான்.

இன்னொரு சிக்கல் மொழிநடை. வீட்டில் "பூனை வந்துச்சு". புத்தகத்தில் "பூனை வந்தது", கொஞ்சம் மேலே போனால் "பூனை கூறியது". எங்கள் தெருவில் எந்தப் பூனையும் எதையும் கூறியதில்லை. எழுத்தெல்லாம் தெரிந்தும் பிள்ளை திணறினால் பாதி நேரம் காரணம் இதுதான். அந்தச் சொல்லைக் காது கேட்டதே இல்லை. இதற்கு மருந்து, வாசிக்கத் தெரியுமுன்பே நாம் வாசித்துக் காட்டுவது. பெரியவளுக்கு நான் தவறவிட்டதும் அதுதான். சின்னவனுக்கு இரண்டு வயதிலிருந்தே தேசியப் புத்தக நிறுவனத்தின் நேரு பால புத்தகாலய வரிசைப் புத்தகங்களை மடியில் வைத்து வாசித்தேன். தமுக்கம் புத்தகக் கண்காட்சிக்குப் போகும்போதெல்லாம் இரண்டு மூன்று சேர்ந்துவிடும். அவன் விளையாட்டில் இடித்துக்கொண்ட பொம்மைக் காரைப் பார்த்து "கார் மிகவும் வருந்தியது" என்கிறான்.

துளிகா பதிப்பகத்தின் இருமொழிப் புத்தகங்களும் வீட்டில் உண்டு. ஆங்கில வழியில் படிக்கிற பிள்ளைக்கு நல்லது, ஆனால் ஒரு மொழியைக் காலண்டர் அட்டையால் மறைத்துக்கொண்டு கொடுங்கள். இல்லாவிட்டால் எது சுலபமோ அங்கேதான் கண் போகும்.

ஆங்கிலத்துக்கு நான் பணம் செலவழிக்கவில்லை. எழுத்தின் பெயரை விட்டு ஓசையைச் சொல்லிக்கொடுக்கும் ஜாலி போனிக்ஸ் முறையில் 42 ஓசைகள், முதல் ஆறு ஸ், அ, ட், இ, ப், ன். அந்த வரிசையை மட்டும் எடுத்து இன்னொரு டப்பா மூடி செய்துகொண்டோம். நம் பிள்ளைகளுக்கு அங்கே ஒரே தொல்லை, பந்துக்கும் தம்பிக்கும் ஒரே ப போதும் என்று பழகியிருப்பதுதான்; ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து. தொண்டையில் விரலை வைத்து அதிர்வைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அந்த விளையாட்டு பெரியவளுக்கு ரொம்பப் பிடித்தது.

பக்கத்து வீட்டுப் பையன் மாநகராட்சிப் பள்ளி. 2022 ஜூனில் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையைப் பார்த்துப் பாடம் பிரிக்கிறார்கள், வகுப்பைப் பார்த்து இல்லை. அவனுடைய பயிற்சி நூலை ஒரு வாரம் இரவல் வாங்கி வைத்துக்கொண்டேன். வாய் நிறையச் சொல்ல வைக்கும் பாட்டும் செயலும் நிறைய. ஃபீஸ் கட்டுகிற எங்களுக்குக் கிடைத்ததோ நாலு கோடு நோட்டில் பத்துத் தடவை எழுது.

2023 ஜூலை 15ல் புது நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்த பிறகு எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் மாறின. குழந்தைகள் பிரிவில் விட்டுவிட்டால் அவர்களே எடுப்பார்கள், இரண்டு பக்கம் பார்த்துவிட்டு வைப்பார்கள், இன்னொன்று எடுப்பார்கள். நான் தேர்ந்தெடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்ததைவிட பெரியவள் தானாக எடுத்த தவளைக் கதையைத்தான் மூன்று வாரம் தொடர்ந்து வாசித்தாள். நான் இவ்வளவு அளவுகோல் வைத்திருக்கிறேன், அதில் வரி உடைந்திருந்தது, எழுத்தும் பொடிசு. பேசாமல் இருந்துகொண்டேன்.

போகவர டவுன் பஸ்ஸே பாதிப் பாடம். மாட்டுத்தாவணி என்ற போர்டை மா, ட், டு, த், தா என்று சின்னவன் கூட்டி முடிப்பதற்குள் பஸ் போய்விடும். அடுத்த பஸ்ஸில் 'வ, ணி' மிச்சத்தை வாசிப்பான். ஆரப்பாளையம் பஸ்ஸை அவனுக்குப் பிடிக்காது, ளை வருகிறதாம்.

போன மாதம் மாசி வீதியில் ஒரு பழைய பாத்திரக் கடை வாசலில் நின்றுவிட்டான். பெயர்ப்பலகையில் மேலே 'முருகன் துணை' என்று பழைய எழுத்தில் இருந்தது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, தும்பிக்கை தூக்கி நிற்குமே, அது. முருகன் வாசித்தான், து வாசித்தான், அடுத்ததில் நின்றான். "ம்மா, இந்த யானை முன்னாடி வராம எழுத்து மேலயே ஏறிக்கிருச்சு."

அது ணைதான், அந்தக் காலத்து ணை என்றேன். "அப்ப நம்ம டப்பாவுல ஏன் இல்ல?" என்று வீடு வரும்வரை கேட்டான். நீல மூடி ஒன்றில் வரைந்து கொடுத்தேன். தும்பிக்கை கொஞ்சம் கோணல். நெயில் பாலிஷ் இன்னும் காயவில்லை, டப்பாவுக்குள் போட்டுவிட்டான்.