புதுசு மாதிரி ஆக்கித் தருகிறேன் என்றார், தாத்தாவின் டபுள் பேரலே போய்விட்டது

வீட்டில் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்து, அதைச் சுத்தம் பண்ணவோ பழுது பார்க்கவோ யாரிடமாவது கொடுக்கப் போகிறீர்கள் என்றால், இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

எங்களுடையது 12 போர் (bore, குழல் விட்டத்தின் அளவு), இங்கிலாந்தில் பர்மிங்காமில் செய்தது. தாத்தா தோட்டக் காவலுக்கு என்று லைசென்ஸ் எடுத்து வாங்கியது. அப்பா தவறிய பிறகு வாரிசுச் சான்றிதழ், கூடப்பிறந்தவர்களின் சம்மதக் கடிதம் எல்லாம் கொடுத்து, கலெக்டர் ஆபீஸுக்கு ஒன்றரை வருடம் நடந்து என் பேருக்கு மாற்றினேன். அதுவரை துப்பாக்கி ஸ்டேஷனில் கிடந்ததில் குழல்மேல் அங்கங்கே துரு, கட்டையில் பிசுக்கு, அவ்வளவுதான் குறை. தாத்தா குழலைத் தனியாகக் கழற்றி, அடியில் இருக்கும் கொக்கியில் விரலைக் கொடுத்துத் தொங்கவிட்டுச் சுண்டிக் காட்டுவார். மணி அடித்தது போல நீண்டு கேட்கும். பானையைத் தட்டிப் பார்த்து வாங்குகிற மாதிரிதான், இரண்டு குழலையும் நடுவில் ஓடுகிற பட்டையையும் சேர்த்துப் பிடித்திருக்கிற ஈயப்பற்று முழுசாக இருந்தால்தான் அந்த ஓசை வரும்.

பக்கத்து நகரத்தில் லைசென்ஸ் உள்ள ஒரு கடையில் கொடுத்தேன். "தம்பி, புதுசு மாதிரி ஆக்கித் தந்துடறேன், பத்து நாள்ல வாங்க" என்றார் கடைக்காரர். நானும் துருவை எடுத்து எண்ணெய் போட்டால் போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன். பத்து நாள் நாலு மாதமானது. நடுவில் 2024 தேர்தல் வந்து, துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டபோது, என் கையில் இருந்தது துப்பாக்கி எண்கூட எழுதாத ஒரு துண்டுச்சீட்டு. இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர், கடைக்கே போன் போட்டு விசாரித்துக்கொண்டார்.

திரும்பி வந்தபோது கரும்பளிங்கு மாதிரி மின்னியது. அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். 18,000 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு மாதம் கழித்து உறையிலிருந்து எடுத்தால், பட்டையின் ஓரம் நெடுக வெள்ளையாக உப்புப் பூத்து, அதன் கீழே செந்துரு வழிந்திருக்கிறது. நகத்தை வைத்தால் ஓரிடத்தில் நகம் உள்ளே போகிறது. குழலைக் கழற்றித் தொங்கவிட்டுச் சுண்டினேன். விரிசல் விட்ட பானைச் சத்தம்.

என்ன நடந்தது என்று பிறகு வேறொரு ஊரில் வயதான துப்பாக்கி மிஸ்திரி ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. குழலுக்குச் சீக்கிரம் கறுப்பு நிறம் ஏற வேண்டும் என்று காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கொதிக்கிற தொட்டியில் குழலை முக்கி எடுத்திருக்கிறார்கள். ஒற்றைக்குழலுக்கு அது பரவாயில்லை. ஈயத்தால் ஒட்டிய பழைய டபுள் பேரலை அதில் போடவே கூடாது, அந்தக் கரைசல் பற்றில் இருக்கிற ஈயத்தையும் வெள்ளீயத்தையும் அரித்துவிடும், மிச்ச உப்பு பட்டைக்கு அடியில் தங்கி உள்ளேயிருந்தே குழலைத் தின்னும். இந்த மாதிரிக் குழலுக்குச் செய்ய வேண்டியது, மருந்து தடவி மெல்லத் துருவேற விட்டு, வெந்நீரில் கொதிக்க வைத்து, இரும்புப் பஞ்சால் தேய்த்து, அதையே நாள்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்வது. அதற்குப் பொறுமையும் கைப்பழக்கமும் வேண்டும். கடைக்காரரிடம் இரண்டுமே இல்லை, ஆனால் இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

இதைவிட எனக்குத் தூக்கம் போனது இன்னொன்றால். பஃபிங் சக்கரத்தில் கொடுத்துத் தேய்த்ததில், குழலின் அடித்தட்டையில் இருந்த கிரீடம் போட்ட பரிசோதனை முத்திரைகள் பாதி அழிந்து, துப்பாக்கி எண்ணில் கடைசி இரண்டு இலக்கமும் மங்கிவிட்டன. 1959 ஆயுதச் சட்டம் 8-வது பிரிவுப்படி, எண் அழிந்த துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ அவரே அழித்ததாகத்தான் முதலில் எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று நாம்தான் நிரூபிக்க வேண்டும். நல்லவேளையாக ரிசீவரில், அதாவது குழல் பொருந்துகிற உடல் பகுதியில், எண் தெளிவாக இருக்கிறது. இருந்தாலும் நடந்ததை எழுதி, ஸ்டேஷனிலும் கலெக்டர் ஆபீஸிலும் கொடுத்து முத்திரை வாங்கி வைத்திருக்கிறேன்.

அப்புறம் தோட்டா. சோதித்துப் பார்க்க என்று அதே கடையில் 70 மில்லிமீட்டர் தோட்டா கொடுத்து அனுப்பினார்கள். எங்கள் துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறை இரண்டரை அங்குலம், அதாவது ஏறக்குறைய 65 மில்லிமீட்டர். 70 என்பது வெடித்து முனை மடிப்பு விரிந்த பிறகு உள்ள நீளம் என்பதால், வெடிக்காத தோட்டா சுலபமாக உள்ளே போய்விடும். சுடும்போது விரிய இடம் இல்லாமல் குழலுக்குள் அழுத்தம் ஏறும். அறையை அளந்து பார்க்காமல் அதை எப்படிக் கொடுத்தார்கள் என்று இன்றைக்கும் ஆத்திரம் அடங்கவில்லை.

கொடுக்கும் முன் எண், முத்திரை, செதுக்கு வேலை எல்லாவற்றையும் கிட்டப் போய்த் தெளிவாகப் போட்டோ எடுங்கள். எண் எழுதிய ரசீது வாங்குங்கள். கறுப்பு ஏற்றுவதாகச் சொன்னால் எந்த முறை என்று கேளுங்கள், "தொட்டி" என்ற வார்த்தை வந்தால் துப்பாக்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். கொடுக்கும்போதே அவர் எதிரில் குழலைச் சுண்டிக் காட்டுங்கள், வாங்கும்போதும் சுண்டிப் பாருங்கள்.

எங்களுடையதை அந்த மிஸ்திரியிடம் கொடுக்கப் போகிறேன், ரசீதோடு. பட்டையை முழுசாகக் கழற்றி, உப்பைக் கழுவி, குழல் சுவரின் தடிமனை அளந்த பிறகுதான் மறுபடி ஈயம் வைக்கலாமா வேண்டாமா என்று சொல்வாராம். அதுவரை அதில் தோட்டா போடுவதில்லை.