பூங்கா இடத்தைக் காட்டி விற்கப்படும் மனைகளை வாங்குவோர் கவனத்திற்கு

கோவையின் புறநகரில், ஊராட்சி எல்லைக்குள் உள்ள ஒரு மனைப்பிரிவில் நாங்கள் வீடு கட்டிக் குடியிருக்கிறோம். மனை விற்கும்போது விளையாட்டுத் திடல் என்று காட்டிய இடத்தை, எல்லா மனைகளும் விற்றுத் தீர்ந்த பிறகு அதே புரமோட்டர் தன் உறவினருக்குக் கிரயம் செய்து கொடுத்து, அங்கே திருமண மண்டபம் கட்ட அஸ்திவாரமும் தோண்டிவிட்டார். விவகாரம் நீதிமன்றத்தில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரையும் மனைப்பிரிவின் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை. எந்த வழியில் இது நடந்தது என்பதைச் சொல்வதே இந்தப் பதிவின் நோக்கம். ஏனென்றால் எங்களுடையது அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவு அல்ல. டிடிசிபி எனப்படும் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி, ஊராட்சியின் ஒப்புதல், வங்கிக் கடன் என எல்லாமே முறைப்படி இருந்தன.

பூங்கா, விளையாட்டுத் திடல் போன்றவற்றுக்கான திறந்தவெளி ஒதுக்கீடு என்பது புரமோட்டர் மனமுவந்து தரும் வசதி என்பதுபோல் விற்பனைக்கு வருகிறவர்கள் பேசுவார்கள். உண்மை அதுவல்ல. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, மனைப்பிரிவின் பரப்பு 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலைகள் நீங்கலாக உள்ள இடத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்தாக வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையுள்ள இடங்களுக்கு நிலத்துக்குப் பதிலாகப் பணம் கட்ட வழியுண்டு. அதற்கு மேல் அந்த வழியும் இல்லை. இப்படி இலவசமாக நிலம் கேட்பதே செல்லாது என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 2023இல் ஏற்கவில்லை. அந்த நிலத்தின் விலையையும் சேர்த்துத்தான் நம்மிடம் மனை விலையாக வாங்குகிறார்கள் என்பதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எங்கள் மனைப்பிரிவு ஏறத்தாழ நாலரை ஏக்கர். அதில் திடலுக்கு ஒதுக்கியது 30 சென்ட் அளவு. புரமோட்டர் அங்கே ஒரு செடிகூட நடவில்லை. முள்ளை வெட்டி மேடுபள்ளத்தைச் சமன் செய்ததும், பழைய போர்வெல் குழாய் இரண்டை நட்டு வலை கட்டியதும், 18க்கு 9 மீட்டர் என்று அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டதும் எங்கள் பகுதி இளைஞர்கள்தான். மாலையில் அவர்கள் வாலிபால் ஆடுவதும், ஓரத்தில் பெரியவர்கள் நடைப்பயிற்சி செய்வதுமாகச் சில ஆண்டுகள் போயின. மாட்டுப் பொங்கலன்று காலையில் ஜேசிபி வந்தது. அலுவலகங்களும் நீதிமன்றமும் மூடியிருக்கும் நாளாகப் பார்த்து வருவதுதான் இவர்களின் வழக்கம் என்று வழக்கறிஞர் பிறகு சொன்னார். குழாய்களைப் பிடுங்கி, கட்டிய வலையோடு சேர்த்துச் சாக்கடை ஓரம் போட்டிருந்தார்கள். நாங்கள் போய்க் கேட்டதற்கு, நின்றிருந்த மேற்பார்வையாளர், “நீங்க சைட்டுத்தானுங்க வாங்கினீங்க, பார்க்கை வாங்கலீங்களே” என்றார்.

அவர் அவ்வளவு தெம்பாகப் பேசியதன் காரணம் ஆவணங்களைப் பார்த்தபோதுதான் விளங்கியது. ஊராட்சியின் பெயருக்குத் தானப் பத்திரம் பதிவானது உண்மை. அது இல்லாமல் இறுதி ஒப்புதலே கிடைத்திருக்காது. ஆனால் அந்தப் பத்திரத்தை வைத்துத் திடலின் பட்டாவை ஊராட்சியின் பெயருக்கு மாற்றும் வேலையை யாரும் செய்யவில்லை. வருவாய்த் துறைக் கணக்கில் அந்த நிலம் தொடர்ந்து புரமோட்டர் பெயரிலேயே இருந்தது. அந்தப் பட்டாவைக் காட்டி, மனைப்பிரிவின் பெயரையோ திடல் என்ற சொல்லையோ எங்கும் குறிப்பிடாமல், ‘புஞ்சைக் காலி நிலம்’ என்று சர்வே எண்ணை மட்டும் எழுதிக் கிரயப் பத்திரத்தைப் பதிவு செய்துவிட்டார்கள். அதை வைத்து உறவினர் பெயருக்குப் பட்டாவும் மாறிவிட்டது. மனை வாங்கும்போது நாம் எடுக்கும் வில்லங்கச் சான்று நம்முடைய மனை எண்ணுக்கு உரியது. பூங்கா இடத்தின் உட்பிரிவு எண்ணுக்குத் தனியே விண்ணப்பித்தால் ஒழிய இந்தப் பரிமாற்றம் எதுவும் அதில் தெரியாது.

ஊராட்சி அலுவலகத்தில் கோப்பு இல்லை என்றார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் வில்லை ஒட்டி டிடிசிபியின் மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பிய மனுவுக்குத்தான் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் சான்றிட்ட நகல் கிடைத்தது. விளம்பரத் தாளில் பச்சை வண்ணம் தீட்டிய படத்துக்கு நீதிமன்றத்தில் பெரிய மதிப்பில்லை. அனுமதி எண்ணும் அலுவலக முத்திரையும் உள்ள இந்த வரைபடமும், சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கிய தானப் பத்திர நகலும்தான் எங்கள் வழக்கைத் தாங்கி நிற்கின்றன. இடையில், திடலின் மூலையில் ஒரு பிள்ளையாரை வைத்துவிட்டால் யாரும் கை வைக்க மாட்டார்கள் என்று எங்களுக்குள்ளேயே சிலர் யோசனை சொன்னார்கள். பூங்கா இடத்தில் கோயில் எழுப்புவதும் ஆக்கிரமிப்புதான் என்பதால் அதற்கு நாங்கள் இசையவில்லை.

எதிர்த்தரப்பு இரண்டு வாதங்களை முன்வைத்தது. ஒதுக்கிய நிலத்தை அரசு மூன்றாண்டுக்குள் கையகப்படுத்தாவிட்டால் ஒதுக்கீடு காலாவதியாகிவிடும் என்று 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம், பிரிவு 38ஐக் காட்டினார்கள். அந்தப் பிரிவு, வளர்ச்சித் திட்டத்தில் அரசு கையகப்படுத்துவதற்கென்று குறித்துவைத்த தனியார் நிலத்துக்கு உரியது. ஏற்கெனவே தானமாக ஊராட்சிக்குப் போய்விட்ட நிலத்தில் கையகப்படுத்த என்ன மிச்சமிருக்கிறது? மண்டபம் வந்தால் குடியிருப்போருக்கும் வசதிதானே என்பது அடுத்த வாதம். பெங்களூருவில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தை ஒரு மருத்துவ அறக்கட்டளைக்கு மருத்துவமனை கட்டக் கொடுத்ததையே, அப்பகுதி மக்கள் தொடுத்த வழக்கில், 1991இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. மருத்துவமனைக்கே இடமில்லை என்றால் வாடகை மண்டபத்தைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை. பூங்காக்களையும் விளையாட்டு இடங்களையும் பாதுகாப்பதற்கென்று தமிழ்நாட்டில் 1959லேயே தனிச் சட்டம் இயற்றியிருக்கிறார்கள் என்பது உள்ளாட்சி அலுவலர்கள் பலருக்கு நாங்கள் சொல்லித்தான் தெரிந்தது.

ஆகவே மனைக்கு முன்பணம் கொடுக்கும் முன், தானப் பத்திரத்தின் எண்ணையும் ஆண்டையும் கேளுங்கள். “எல்லாம் ஆபீஸ்ல இருக்குதுங்க” என்ற பதிலை ஏற்காதீர்கள். பூங்கா, சாலை ஆகிய இடங்களின் உட்பிரிவு எண்களைத் தெரிந்துகொண்டு, அவற்றுக்கும் வில்லங்கச் சான்று எடுத்து, பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதை இணையத்திலேயே பாருங்கள். அது இன்னும் புரமோட்டர் பெயரில் இருந்தால், பட்டா மாறிய பிறகே கிரயம் என்று உறுதியாகச் சொல்லுங்கள். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தின்கீழ் பதிவான மனைப்பிரிவாக இருந்தால், மனை பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இன்றி வரைபடத்தை மாற்ற முடியாது என்ற பாதுகாப்பு கூடுதலாக உண்டு.

ஏற்கெனவே குடியேறிவிட்டவர்கள் கட்டடம் எழும்பும்வரை காத்திருக்க வேண்டாம். பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பின் நிலத்தை மற்றவர்கள் பதிவு செய்வதைச் சார்பதிவாளர் மறுக்க முடியும். ஆனால் அது உள்ளாட்சியின் நிலம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனவே தானப் பத்திர நகலை இணைத்து ஊராட்சி மூலம் ஒரு கடிதமும், குடியிருப்போர் சங்கத்தின் பெயரில் ஒரு ஆட்சேபணை மனுவும் அங்கே கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வழக்கில் இடைக்காலத் தடை கிடைத்து, வேலை பேஸ்மென்ட் மட்டத்தோடு நிற்கிறது. பட்டாவை ரத்து செய்யக் கோரிய மேல்முறையீடு கோட்டாட்சியர் முன் இருக்கிறது. இந்த நிலையில் புரமோட்டரின் ஆட்கள் தெருத் தெருவாக வந்து, 10 சென்ட்டைப் பூங்காவுக்கு விட்டுவிடுவதாகவும் மீதியில் மண்டபம் கட்டிக்கொள்வதாகவும் ஒரு சமரசத் தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். நிலம் ஊராட்சியுடையது என்பதால் அதை விட்டுக்கொடுக்கும் உரிமை குடியிருப்போருக்கே கிடையாது என்று சொல்லிப் பெரும்பாலோர் மறுத்துவிட்டோம். உறவு முறைக்காகவும் தொந்தரவு வேண்டாமென்றும் சிலர் போட்டுக்கொடுத்த கையெழுத்துகளை, மனைப்பிரிவு மக்கள் அனைவரின் சம்மதம் என்று தலைப்பிட்டுக் கோட்டாட்சியரிடம் தாக்கல் செய்திருக்கிறார்கள். அடுத்த விசாரணையில் முதலில் அதற்குத்தான் நாங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.