இரண்டு துடிப்பு

நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போகும்போது எனக்கு 29 வாரம். வயிற்றுப் பிள்ளையோடு இந்த வெயிலுக்குள் ஏன் என்று லண்டனில் கேட்டார்கள். யாழ்ப்பாணத்தில் ஒருவரும் கேட்கவில்லை, இன்னும் முன்பே வந்திருக்கலாமே என்றார்கள்.

28 வாரம் கடந்தால் விமான நிறுவனம் கடிதம் கேட்கும். ஒற்றைப் பிள்ளை, சிக்கல் எதுவுமில்லை, உத்தேசப் பிரசவ நாள் இது என்று லண்டன் மருத்துவிச்சி எழுதித் தந்தார். திரும்பும் நாளில் 32 வாரம் ஆகியிருக்கும் என்பதால் அந்தத் தேதிக்கும் செல்லும்படி எழுதச் சொல்லிக் கேட்டு வாங்கினேன். என் மகப்பேற்றுக் குறிப்புகள் எல்லாம் ஒரு கைபேசிச் செயலிக்குள் இருந்தன. ஏதோ ஒரு யோசனையில் ஸ்கான் அறிக்கைகளையும் இரத்தப் பரிசோதனை முடிவுகளையும் தாளில் அச்சடித்துப் பெட்டிக்குள் வைத்தேன். அந்தப் பயணத்தில் நான் செய்த புத்தியான காரியம் அது ஒன்றுதான்.

வந்த மூன்றாம் நாள் இரவு முதல் பயம் பிடித்தது. அடிவயிற்றில் ஒரே இடத்தில், ஒரே இடைவெளியில், டொக் டொக் என்று பத்து நிமிடம். உதையுமில்லை, புரளலுமில்லை. பிள்ளைக்கு வலிப்பு என்றே நினைத்தேன். அம்மம்மா கையை வைத்துப் பார்த்துவிட்டு, "விக்கலடி, படு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். வயிற்றுப் பிள்ளைக்கு விக்கல் வரும், அது இப்படித்தான் தாளம் தப்பாமல் வரும் என்பதைப் பிறகு இரண்டு நாட்டு மருத்துவிச்சிகளும் உறுதிப்படுத்தினார்கள். அம்மம்மா ஐந்து பெற்றவர், அவருக்கு உறுதிப்படுத்த ஆள் தேவைப்படவில்லை.

அடுத்த வாரம் ஒரு மாலை கோயில் வீதியில் நின்றேன். தவில் ஓங்கி விழுந்தபோது பிள்ளை வயிற்றுக்குள் துள்ளியது, எனக்கே மூச்சு நின்றுவிட்டது. மாமி சிரித்தார், முருகனைக் கும்பிடுகிறது என்றார். மறுநாள் பிள்ளையிடம் அசைவே தெரியவில்லை. மத்தியானம் வரை எனக்கு அது உறைக்கவில்லை. வீடு நிறைய ஆட்கள், நானும் நின்றபடியே இருந்தேன். நடந்து திரியும்போதும் வேலையில் மூழ்கியிருக்கும்போதும் சின்ன அசைவுகள் தெரியாமலே போய்விடும். பின்னேரம் நான்கு மணிக்கு இடப்பக்கமாகச் சரிந்து படுத்துக்கொண்டு கவனித்தேன். ஒரு மணி நேரத்தில் மெல்லிய உரசல் ஒன்று. வழக்கமாக அந்த நேரத்தில்தான் துவைத்து எடுக்கும்.

அம்மா இளநீர் தந்தார். மாமி குளிர்ந்த சோடா வாங்கி வந்தார். உப்பும் மிளகாயும் சுற்றி நாவூறு கழித்தார்கள். குளிராகவோ இனிப்பாகவோ எதையாவது குடித்துப் பிள்ளையை எழுப்பிப் பார்ப்பது லண்டனிலும் உள்ள பழக்கம்தான். அதை நம்பி நேரத்தைக் கடத்த வேண்டாம் என்று அங்கே சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். ஆனாலும் நான் இளநீரையும் குடித்தேன், சோடாவையும் குடித்தேன்.

பிறகு நகரத்தில் ஒரு தனியார் மருத்துவ நிலையத்தில் சனல் செய்தோம், அதாவது வைத்தியரைப் பார்க்க நேரம் பதிந்தோம். திருவிழாக் காலத்தில் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளை வாகனங்களுக்கு மூடிவிடுவார்கள். ஓட்டோ எங்கெங்கோ சுற்றிப் போய்ச் சேர ஆறரை மணி ஆகிவிட்டது. என் இலக்கம் 34. பிள்ளையின் துடிப்புக் குறைந்திருக்கிறது என்று முன்மேசையில் சொன்னேன். உட்காருங்கள், கூப்பிடுவோம் என்றார் அங்கிருந்த பெண். ஒன்பது மணிக்குக் கூப்பிட்டார்கள். ஸ்கான் இரண்டு நிமிடம்கூட எடுக்கவில்லை. வைத்தியர் திரையில் படபடக்கும் ஒரு புள்ளியைக் காட்டி, "துடிப்பு நன்றாக இருக்கிறது, யோசிக்காதீர்கள்" என்றார். எப்போதிலிருந்து அசைவு குறைந்தது, முன்பு எப்படி இருந்தது என்று ஒரு கேள்வியும் இல்லை. பில்லைக் கட்டிவிட்டு வந்தோம்.

எங்கள் தமிழில் துடிப்பு என்ற ஒரே சொல்தான் இரண்டுக்கும். இதயம் அடிப்பதும் துடிப்பு, பிள்ளை கைகால் அசைப்பதும் துடிப்பு. நான் கேட்டது ஒன்று, அவர் சொன்னது இன்னொன்று. இது உறைக்க எனக்கு ஓர் இரவு பிடித்தது.

அந்த இரவு நான் இன்னொரு பிழையும் செய்தேன். இதய ஒலி கேட்கும் கையடக்கக் கருவி ஒன்றை லண்டனில் சிநேகிதி ஒருத்தி தந்திருந்தாள். வேண்டாம், வாங்காதே என்று மருத்துவிச்சி தலையில் அடித்துச் சொன்ன சாமான் அது. பழக்கமில்லாதவர் வைத்துக் கேட்டால் தாயின் நாடியையோ சூல்வித்தகத்தில் (நஞ்சுக்கொடியில்) ஓடும் இரத்தத்தின் ஓசையையோ பிள்ளையின் இதயம் என்று எண்ணிவிடலாம். உண்மையிலேயே பிள்ளையின் இதயமாக இருந்தாலும், அந்த நொடியில் அது அடிக்கிறது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. வயிற்றில் வைத்தேன், சரசரவென்று ஏதோ கேட்டது, தூங்கிவிட்டேன். லண்டன் மகப்பேற்றுப் பிரிவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்திருந்தால் அந்த இரவே ஆஸ்பத்திரிக்குப் போ என்றிருப்பார்கள். அங்கே இருந்திருந்தால் விடியும்வரை பார்த்திருக்கவே மாட்டேன். ஊரில் இருந்தபோது ஏன் பார்த்தேன் என்பதற்கு இன்றும் என்னிடம் நல்ல பதில் இல்லை.

காலையில் எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் வந்தார். வீடு வீடாக வரும் அரசாங்க மருத்துவிச்சி, ஊரில் மிஸி என்பார்கள். அம்மா சொல்லி வைத்திருந்தார் போல. ஸ்கூட்டியை முற்றத்தில் நிறுத்திவிட்டு, தலைக்கவசத்தைக் கழற்றும்போதே கேட்டார்: "தங்கச்சி, கடைசியாக நன்றாகத் துடித்தது எப்போது?"

மிஸி, நேற்று ஸ்கானில் துடிப்பு நல்லது என்றார்களே என்றேன்.

"அது நெஞ்சுத் துடிப்பு. நான் கேட்பது பிள்ளை துடிக்கிறதா என்று. நெஞ்சு கடைசிவரை அடிக்கும். பிள்ளைக்குச் சுகமில்லாவிட்டால் முதலில் ஆட்டத்தைத்தான் குறைக்கும்."

ஒரு வாரத்துக்கும் மேலாக அலைந்த என் மனம் அங்கே நின்றது. அவர் என் அச்சுத் தாள்களைப் புரட்டினார். 20 வார ஸ்கானில் சூல்வித்தகம் முன்பக்கம் என்று எழுதியிருந்ததைக் கண்டுபிடித்து, அது மெத்தை மாதிரி நடுவில் கிடந்து ஆரம்ப மாதங்களில் உதையை மறைக்கும், 28 வாரத்துக்குப் பிறகு அதைச் சாட்டாகச் சொல்லக் கூடாது என்றார். நேரம் மாறியதால் பிள்ளை குழம்பியிருக்குமோ என்று கேட்டேன். லண்டனுக்கும் இங்கும் நாலரை மணி வித்தியாசம் என்றேன். "பிள்ளையிடம் மணிக்கூடு இருந்தால் கேட்கலாம்" என்றார். சிரிக்கவில்லை. ஓட்டோவுக்கு அவரே அழைத்தார்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் பெயர் எழுத ஐந்து நிமிடம். துடிப்புக் குறைவு என்று மிஸி துண்டில் எழுதியிருந்ததைக் கண்டதும் வரிசையில் நிறுத்தாமல் உள்ளே கூட்டிப்போனார்கள். பிள்ளையின் இதய வேகத்தைத் தாளில் பதியும் சி.ரி.ஜி. கருவியின் பட்டிகளை வயிற்றில் கட்டி, பிள்ளை அசையும்போதெல்லாம் அழுத்து என்று ஒரு பொத்தானைக் கையில் தந்தார்கள். இருபது நிமிடம் தாள் ஓடியது. பிள்ளை அசையும்போது இதயத்தின் வேகம் ஏறி இறங்க வேண்டும், அதைத்தான் தாளில் தேடுவார்கள் என்று ஒரு தாதி விளக்கினார். இரண்டு துடிப்பும் ஒரே தாளில் சந்திக்கும் இடம் அது. முதல் பத்து நிமிடம் கோடு தட்டையாகப் போனது. பிள்ளை உறங்கலாம், உறக்கம் இருபது நாற்பது நிமிடம் நீளும் என்றார். பிறகு ஓர் ஏற்றம். இன்னொன்று. நான் பொத்தானை அழுத்த மறந்து அழுதுகொண்டிருந்தேன்.

பனிக்குட நீரின் அளவும் பிள்ளையின் வளர்ச்சியும் பார்க்க முறையான ஸ்கான் எடுத்தார்கள், ஓர் இரவு வைத்திருந்தார்கள். போர்வை, கோப்பை, சுடுதண்ணீர்ப் போத்தல் எல்லாம் வீட்டிலிருந்து வர வேண்டும். தெரியாத ஒருவர் தன் கட்டிலுக்குக் கொண்டுவந்த இடியப்பத்தில் எனக்கும் பங்கு வைத்தார். விடுதியை விட்டு வரும்போது கட்டணம் எவ்வளவு என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார்கள். தனியார் நிலையத்தில் நான் கட்டிய பணத்தை நினைத்து வெட்கமாக இருந்தது.

வீடு மானிப்பாய்ப் பக்கம். 1848இல் அங்கே வைத்தியசாலை தொடங்கிய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், 1860களில் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். ஒவ்வொரு உறுப்புக்கும் சொல் தேடித் திரிந்த மனிதர். இந்த இரண்டு துடிப்பையும் எப்படிப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தாரோ என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்து யோசித்தேன்.

மிஸி மறுநாளும் வந்தார். துடிப்பை எண்ணும் அட்டை ஒன்று தந்தார். காலை ஒன்பதுக்குத் தொடங்கி ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு கோடு, பத்தாவது வந்த நேரத்தை எழுத வேண்டும். விக்கலைச் சேர்க்கக் கூடாது. லண்டனில் எண்ணிக்கை சொல்வதில்லை. உன் பிள்ளையின் வழக்கம் உனக்குத் தெரியும், அது மாறினால் அன்றே வா என்பார்கள். எது சரி என்று அவரிடமே கேட்டேன்.

"எண்ணுவது கவனிக்கப் பழகுவதற்கு. பத்து வந்துவிட்டது என்று பேசாமல் இருக்கிறவர்களும் உண்டு. வழக்கத்துக்கு மாறாக இருந்தால் பத்து வந்தாலும் புறப்படுங்கள், வராமல் இருட்டும்வரை காத்திருக்கவும் வேண்டாம்" என்றார். மாதம் ஏற ஏற இடம் நெருக்கமாகித் துடிப்புக் குறையும் என்று மாமி சொன்னதையும் அவரே மறுத்தார். அசைவின் விதம் மாறலாம், அளவு குறையக் கூடாது. அட்டையின் பின்பக்கம் பேனாவால் 1990 என்று எழுதினார். சுவசெரிய இலவச அம்புலன்ஸின் தொலைபேசி இலக்கம் அது, அந்தச் சேவை 2018இல் வடக்குக்கும் வந்தது. நல்லவேளை, எனக்குத் தேவைப்படவில்லை.

கையடக்கக் கருவியை அம்மாவின் அலுமாரியில் விட்டுவிட்டு வந்தேன். அட்டை கைப்பையில் இருந்தது. அதன் கடைசி வரிசையைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நிரப்பினேன். பத்தாவது கோடு குடியகல்வு வரிசையில் நிற்கும்போது விழுந்தது. பேனா கொடுத்தவர் எனக்குப் பின்னால் நின்றவர்.