மாத்திரையா, இரண்டு மாத ஊசியா, ஆறு மாத ஊசியா? எச்.ஐ.வி. முன்தடுப்பு மருந்துகள்: ஓர் அலசல்

2024-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 13 லட்சம் பேருக்குப் புதிதாக எச்.ஐ.வி. தொற்றியது என்கிறது ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பு. இந்த வைரஸுக்குத் தடுப்பூசி இன்னும் வரவில்லை. ஆனால், தொற்று இல்லாதவர் முன்கூட்டியே எடுத்துக்கொண்டால் வைரஸை உடலில் காலூன்ற விடாத மருந்துகள் இருக்கின்றன. மருத்துவர்கள் 'பிரெப்' என்று சொல்வது இந்த முன்தடுப்பைத்தான். தினமும் விழுங்கும் டெனோஃபோவிர்–எம்ட்ரிசிடபின் மாத்திரை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடும் கேபோடெக்ராவிர் ஊசி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபாவிர் ஊசி ஆகிய மூன்றும்தான் இன்று முன்னணியில் உள்ளன. எந்த மருந்து வீரியமானது என்று மட்டும் பார்த்து இவற்றை எடைபோட முடியாது. எடுத்துக்கொள்பவரின் வாழ்க்கையில் எது எவ்வளவு இடம் கேட்கிறது என்பதையும் பார்த்தாக வேண்டும்.

முதலில் மாத்திரை. 2010-இல் வெளியான ஐப்ரெக்ஸ் ஆய்வில் ஆண்களும் திருநங்கைகளுமாக 2,499 பேர் பங்கேற்றார்கள். மாத்திரை தரப்பட்டவர்களிடம் தொற்று 44 சதவீதம் குறைந்தது. கேட்க ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனால் ரத்தத்தில் மருந்து உண்மையிலேயே இருந்தவர்களைத் தனியாகக் கணக்கிட்டபோது பாதுகாப்பு 92 சதவீதமாக ஏறியது. மருந்தில் குறை இல்லை, அது வயிற்றுக்குள் போய்ச் சேராததுதான் குறை.

இதையே இன்னும் வலிக்கும்படி காட்டியது வாய்ஸ் ஆய்வு. தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே பெண்கள் 5,000-க்கும் மேற்பட்டோர் அதில் இருந்தனர். கேட்டபோது பத்து வேளைக்கு ஒன்பது வேளை எடுத்துக்கொண்டதாகச் சொன்னார்கள். ரத்த மாதிரிகளைச் சோதித்ததில் சுமார் 30 சதவீதத்தில்தான் மருந்து தென்பட்டது. அந்தப் பெண்களைப் பொய்யர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அதே மருந்துகள் எச்.ஐ.வி. சிகிச்சையிலும் பயன்படுகின்றன. டப்பாவை யாராவது பார்த்துவிட்டால் 'இவளுக்கு நோய்' என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். கைப்பையில் இருந்தால் மாத்திரைகள் குலுங்கும் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். கணவனுக்கோ மாமியாருக்கோ விளக்கம் சொல்லிக்கொண்டு தினமும் ஒரு மாத்திரை விழுங்குவது எத்தனை பேரால் முடியும்?

இந்த நெருக்கடியிலிருந்துதான் ஊசிகள் பிறந்தன. கேபோடெக்ராவிர், வைரஸ் தன் மரபணுவை நம் செல்லுக்குள் ஒட்டவைக்க உதவும் இன்டெக்ரேஸ் நொதியை முடக்குகிறது. பிட்டத் தசையில் 3 மில்லி மருந்து போடுகிறார்கள். முதல் இரண்டு ஊசிகள் ஒரு மாத இடைவெளியில், பிறகு இரண்டு மாதத்துக்கு ஒன்று. ஆப்பிரிக்கப் பெண்கள் 3,224 பேரிடம் நடந்த எச்.பி.டி.என். 084 ஆய்வில், ஊசி போட்டவர்களில் 4 பேருக்கும் மாத்திரைப் பிரிவில் 36 பேருக்கும் தொற்று ஏற்பட்டது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021 டிசம்பரில் இதை அனுமதித்தது.

அடுத்து வந்தது லெனகாபாவிர். இது வைரஸின் மரபணுவைப் பொதிந்து வைத்திருக்கும் கேப்சிட் என்ற புரதக் கூட்டைக் குறிவைக்கிறது. அந்தக் கூடு வைரஸின் வாழ்க்கைச் சுழற்சியில் பல கட்டங்களில் தேவைப்படுவதால், ஒரே மருந்து பல இடங்களில் குறுக்கே நிற்கிறது. தோலுக்கடியில், பெரும்பாலும் வயிற்றுப் பகுதியில், இரண்டு ஊசிகளாகப் போடுகிறார்கள். முதல் இரண்டு நாள் இதே மருந்தின் மாத்திரையும் உண்டு. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் இளம்பெண்களிடம் நடந்த பர்ப்பஸ் 1 ஆய்வின் முடிவு 2024-இல் வந்தபோது மருத்துவ உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஊசி போட்ட 2,134 பேரில் ஒருவருக்குக்கூடத் தொற்று இல்லை. வழக்கமான மாத்திரை பெற்ற 1,068 பேரில் 16 பேருக்கும், புதிய வகை டெனோஃபோவிர் மாத்திரை பெற்ற 2,136 பேரில் 39 பேருக்கும் தொற்றியது. ஆய்வின் நடுவே கருவுற்ற பெண்களையும் வெளியே அனுப்பாமல் தொடர விட்டார்கள். கர்ப்பிணிகளை ஆய்வுகளிலிருந்து ஒதுக்கியே பழகிய துறையில் இது பெரிய விஷயம். ஆண்களிடமும் திருநர்களிடமும் நடந்த பர்ப்பஸ் 2-இல் 2,179 பேரில் 2 பேருக்கு மட்டும் தொற்று.

ஒரு எச்சரிக்கை. கேபோடெக்ராவிரையும் லெனகாபாவிரையும் இந்த ஆய்வுகளில் யாரும் நேருக்கு நேர் மோதவிடவில்லை. இரண்டும் மாத்திரையோடுதான் ஒப்பிடப்பட்டன. '4-ஐ விட 0 சிறியது, ஆகவே இதுதான் உயர்ந்தது' என்று கணக்குப் போடுவது தவறு. ஆனாலும் இரண்டுக்கும் இடையே தேர்ந்தெடுக்க வலுவான காரணங்கள் இருக்கின்றன.

மருத்துவமனைப் படி ஏறும் எண்ணிக்கை ஒன்று: ஆண்டுக்கு ஆறு முறையா, இரண்டு முறையா? எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது மருந்தின் 'வால்'. நீண்டகால ஊசியை நிறுத்தினாலும் மருந்து உடனே உடலை விட்டுப் போவதில்லை. கேபோடெக்ராவிர் ஓர் ஆண்டுக்கும் மேலாகச் சிறிய அளவில் தங்கக்கூடும். அந்த அளவு வைரஸைத் தடுக்கப் போதாது, மருந்துக்கு எதிர்ப்பாற்றல் பெற்ற வைரஸை வளர்த்தெடுக்க மட்டும் போதும். அப்படி வளர்ந்துவிட்டால், இன்று உலகம் முழுக்க சிகிச்சையின் முதுகெலும்பாக இருக்கும் டோலுடெக்ராவிர் அதே இன்டெக்ரேஸ் வகை என்பதால் அதுவும் பலவீனப்படும் ஆபத்து உண்டு. லெனகாபாவிருக்கும் வால் உண்டு. பர்ப்பஸ் 2-இல் தொற்று ஏற்பட்ட இருவரின் வைரஸிலும் அந்த மருந்துக்கு எதிர்ப்பாற்றல் தென்பட்டது. ஆனால் கேப்சிட் வகை மருந்துகள் வழக்கமான முதல்கட்ட சிகிச்சையில் இல்லாததால், அவர்களுக்குச் சிகிச்சை தர வழி அடைபடவில்லை. இரண்டு ஊசிகளுக்குள் ஒன்றைத் தேர்வு செய்யச் சொன்னால், இந்த ஒரு காரணத்துக்காகவே நான் லெனகாபாவிர் பக்கம் நிற்பேன்.

வலியைப் பொறுத்தவரை இரண்டும் லேசானவை அல்ல. லெனகாபாவிர் தோலுக்கடியில் தொட்டால் தெரியும் சிறு கட்டியாகத் தங்கி மெல்லக் கரைகிறது. மருந்து ஆறு மாதம் நீடிக்கும் ரகசியமே அந்தக் கட்டிதான். பர்ப்பஸ் 1-இல் மூன்றில் இரண்டு பங்கினருக்கு ஊசி போட்ட இடத்தில் ஏதாவது தொந்தரவு இருந்தது. அதற்காக விலகியவர்கள் 4 பேர்தான். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்கள் கேபோடெக்ராவிர் போடவே கூடாது. லெனகாபாவிர் என்றால் கூடுதல் டோஸ் தேவை.

அப்படியானால் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடலாமா? கூடவே கூடாது. வேண்டும்போது தொடங்கி, வேண்டாதபோது நிறுத்தலாம், நீண்ட வால் கிடையாது. ஹெபடைடிஸ் பி வைரஸையும் அது கட்டுப்படுத்தும், ஊசிகளுக்கு அந்தக் குணம் இல்லை. சிறுநீரகத்தைக் கண்காணிக்க வேண்டும், அவ்வளவுதான். ஒழுங்காக எடுக்கக்கூடியவருக்கு, மறைக்க வேண்டிய அவசியம் இல்லாதவருக்கு, அது இன்றும் அருமையான மருந்து. மூன்றில் எதை எடுத்தாலும் மற்ற பால்வினை நோய்களுக்கு ஆணுறைதான் துணை. எதைத் தொடங்கும் முன்பும் எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயம்.

கடைசியில் எல்லாம் விலையில் வந்து நிற்கிறது. 2025 ஜூனில் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது லெனகாபாவிரின் பட்டியல் விலை ஆண்டுக்கு 28,218 டாலர். உலக சுகாதார நிறுவனம் அடுத்த மாதமே அதைப் பரிந்துரைத்தது. செப்டம்பரில் டாக்டர் ரெட்டீஸ், ஹெட்டிரோ நிறுவனங்கள் தயாரிக்கும் லெனகாபாவிரின் பொதுப்பெயர் (ஜெனரிக்) வடிவத்தை ஆண்டுக்கு சுமார் 40 டாலருக்கு, 2027 முதல் 120 நாடுகளில் தருவதற்கான ஒப்பந்தங்கள் அறிவிக்கப்பட்டன. அது கிட்டத்தட்ட மாத்திரையின் விலைதான். ஆனால் அந்தப் பட்டியலில் பிரேசில், அர்ஜென்டினா, மெக்சிகோ, பெரு இல்லை. பர்ப்பஸ் 2 ஆய்வுக்குத் தங்கள் உடலைத் தந்த மக்கள் வாழும் நாடுகள் இவை. அங்கே வாழும் ஒருவருக்கு இந்த மூன்றில் எது சிறந்தது என்று சொல்வதற்கு முன், எது கைக்கு எட்டும் என்று கேட்க வேண்டியிருக்கிறது. அதை மாற்றும் அதிகாரம் லெனகாபாவிரை உருவாக்கிய மருந்து நிறுவனத்தின் கையில் இருக்கிறது, ஆய்வகத்தில் இல்லை.